இடது கன்னம் கம்பெனிக்கு

போன மாதம் நித்யா என்று ஒரு பெண் மயிலாடுதுறையிலிருந்து போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த புகையிலைக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை இப்போது அவளுடையது. புகையிலைக்குத் தடை வந்த பிறகு அதே கூடத்தில், அதே மேசைகளில், வாசனைச் சீவலும் சர்க்கரை பூசிய சோம்பும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு கலவையை இன்னொரு கலவையோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

“சார், இங்க பழைய ஆளுங்க எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க. மெஷின் ஒண்ணும் இல்லாம ரெண்டு கலவையில எது சரின்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? அந்த முறைய மட்டும் எழுதித் தந்தீங்கன்னா ஃபைல்ல வச்சுக்குவேன்.”

ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் சரி என்றேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, முறையை எழுதினால் அதை உண்டாக்கியவரை எழுத வேண்டும், அவரை எழுதினால் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். ஃபைலில் வைப்பதா, கிழித்துப் போடுவதா என்பதை அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு ஊர் வேதாரண்யத்துப் பக்கம். மணல் கொல்லையில் புகையிலை போட்டவர்கள். குடத்தில் தண்ணீர் மொண்டு செடி செடியாக ஊற்றி வளர்ந்த உடம்பு இது. பி.யூ.சி.யோடு படிப்பை விட்டுவிட்டு இருபத்திரண்டு வயதில் மயிலாடுதுறைக்கு வந்து, கம்பெனியில் நரம்பு உரிக்கச் சேர்ந்தேன். இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுப்பதுதான் வேலை. முதல் மூன்று மாதம் வாந்தி. அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது?

இரண்டாவது வருஷம் ஒரு நாள் நெய்னா பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். கம்பெனியில் ஒவ்வொரு கலவையையும் வாயில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்கிறவர் அவர்தான். அவர் சொல்லாமல் ஒரு பொட்டலம் வெளியே போகாது. நான் உரித்துப் போட்ட இரண்டு இலைகளை எடுத்து, இரண்டிலும் ஓரத்தில் கிள்ளி என்னிடம் கொடுத்தார்.

“என்ன வித்தியாசம்?”

“இது உப்புக் கேணித் தண்ணி குடிச்ச எலைங்க. அது நல்ல தண்ணி.”

“எப்படிச் சொல்றே?”

“எங்க கொல்லையில ரெண்டு கேணியும் இருக்குங்க.”

மறுநாள் காலையிலிருந்து நான் அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். பயிற்சி என்று அவர் ஒன்றும் பெரிதாகக் கொடுக்கவில்லை. நாலு வருஷம் அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் பயிற்சி.

நித்யா கேட்ட முறை இதுதான். எந்தக் கலவைக்கும் ஒரு ‘மூலம்’ உண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்ட நல்ல சரக்கில் ஒரு படி எடுத்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி அலமாரியில் வைத்திருப்போம். புதிய கலவை எதுவானாலும் அந்த ஜாடியோடு ஒத்துப்போக வேண்டும். எங்களிடம் இரண்டு கலவை. ஒன்றாம் நம்பர் கடற்கரை ஊர்களுக்கு. மேல் இலை அதிகம், காரம் கூடுதல். கடலுக்குப் போகிறவர்களுக்கும் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். இரண்டாம் நம்பர் உள்ளூர்களுக்கு. அடி இலையும் பாகும் கூட்டி, கிராம்பும் ஜாதிக்காயும் பன்னீரும் சேர்த்தது. கும்பகோணத்திலும் திருப்பனந்தாளிலும் சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போடுகிற பெரிய மனிதர்களுக்கு என்று முதலாளி சொல்வார். உண்மையில் அதிகம் வாங்கியது நடவுக்குப் போகிற பெண்கள். வாயில் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கலந்தோம்.

ருசி பார்ப்பதற்குக் கூடத்தில் ‘வாய் வைக்கிறது’ என்று பேர். காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு உட்கார வேண்டும். வெறும் வயிற்றில் வாய் வைத்தால் தலை கிறங்கும். ஒரே கொடியில் பறித்த வெற்றிலை ஒன்று, ஒரே அளவு பாக்கு, பட்டாணி அளவு சுண்ணாம்பு, தராசில் நிறுத்த புகையிலை. முதலில் ஜாடியிலிருந்து மூலம். அப்புறம் வெந்நீரில் வாய் கொப்பளித்து, ஒரு பிடி பச்சரிசியை மென்று துப்பி, கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் புதுச் சரக்கு. இரண்டையும் ஒரே கன்னத்தில்தான் அடக்க வேண்டும். பக்கத்தை மாற்றினால் ஒப்பிடுவது பொய்யாகிவிடும் என்பார் பாய். “இடது கன்னம் கம்பெனிக்கு, வலது கன்னம் எனக்கு” என்பது அவர் பேச்சு. வேலை முடிந்த பிறகு தனக்காகப் போடுகிற வெற்றிலையை வலது பக்கத்தில்தான் ஒதுக்குவார்.

வாய் நிறைய இருக்கும்போது பேச முடியாது. அதனால் மேசையில் மோதிர விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் காரம் ஏறுகிறது. இரண்டு தட்டு, காரம் நின்றுவிட்டது. மூன்று தட்டு, இறங்குகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற நான் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளை எண்ணி ஒவ்வொரு தட்டுக்கும் நேரம் குறித்துக்கொள்வேன். மூலத்துக்கும் புதுச் சரக்குக்கும் நேரம் ஒத்துப்போனால் கலவை சரி. போகாவிட்டால் என்ன கூட்ட வேண்டும், என்ன குறைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார். சீட்டைக் கலவைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இரண்டாம் நம்பர் மூலத்துக்கு முதல் தட்டு எப்போதும் நாற்பது எண்ணுகிற நேரத்தில் விழும். பத்து வருஷம் பார்த்தேன், ஒன்றிரண்டு முன்னே பின்னே போனதே தவிர மாறவே இல்லை.

அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் வாய் வைக்கிற நேரத்தில் யாராவது பேசினால் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். முதலாளியே வாசலில் நின்றுவிடுவார். வெள்ளை ஜிப்பாவில் ஒரு துளி கறை படாமல் படிக்கத்தில் துப்புகிற ஆளை நான் அவரைத் தவிர பார்த்ததில்லை. என்னைத் திட்டியது ஒரே தடவை. பச்சரிசி மெல்லாமல் அடுத்த சரக்கைப் போட்டுவிட்டேன். “வாயக் கழுவாம தீர்ப்பு சொல்றதும் பொய்ச்சாட்சி சொல்றதும் ஒண்ணு, கணேசா” என்றார்.

அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவரைப் பற்றிக் கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. வயதாகி, ருசி பிசகி, இரண்டு தடவை கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்ததாம். ‘அவருக்கு வாய் போச்சு’ என்று சொல்லி, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு லாரி எண்ணுகிற வேலைக்கு உட்காரவைத்துவிட்டார்கள். இருபது வருஷம் எல்லோரும் எழுந்து நின்று வழிவிட்ட மனிதர். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. இந்தக் கதையைப் பாயே என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம்.

ரமலான் மாதத்தில் பாய் நோன்பு. பகலில் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். அந்த ஒரு மாதமும் நான்தான் வாய் வைப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து என் தட்டுக்கு நேரம் பார்ப்பார். சாயங்காலம் நோன்புக் கஞ்சியை ஒரு தூக்குவாளியில் எனக்கென்று தனியாக அனுப்புவார். நான் சொல்கிற வருஷம் எனக்கு முப்பத்தாறு வயது. மாதம் முழுக்க நான்தான் பார்த்தேன். இரண்டாம் நம்பர் மூலத்துக்கு எனக்கு முதல் தட்டு நாற்பது, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை.

பெருநாள் முடிந்து பாய் வந்து உட்கார்ந்தார். ஜாடியிலிருந்து மூலத்தை எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கினார். பதினெட்டு எண்ணுவதற்குள் தட்டிவிட்டார்.

நான் ஏதோ தவறாக எண்ணிவிட்டதாக நினைத்தேன். அவரும் புருவத்தைச் சுருக்கினார். வாய் கொப்பளித்து, அரிசி மென்று, மறுபடியும் அதே மூலம். இந்தத் தடவை பதினைந்து.

“ஜாடி கெட்டுப் போச்சு” என்றார் பாய். “ஒரு மாசம் திறந்து திறந்து மூடினதுல காத்துப் பட்டிருக்கு. காரம் ஏறிப் போச்சு. இத மூலமா வச்சுக்க முடியாது.”

முந்தின நாள்தான் நான் அதே ஜாடியில் வாய் வைத்திருந்தேன். நாற்பது. ஒரே ராத்திரியில் ஜாடி கெடாது. ஒத்துப்பார்க்கிற இரண்டில் ஒன்று மாறியிருக்கிறது. அது ஜாடி இல்லை என்றால் வாய்தான். அது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. பாய்க்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷமாகச் சரக்கு தப்பாகவும் வாய் சரியாகவும் இருந்த மனிதருக்கு எப்படித் தோன்றும்? அவர் வாய்தான் தராசு. தராசே கோணிப்போனதைத் தராசு எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஜாடியைக் கொட்டச் சொன்னார். கொட்டுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பாய் தன் வாய்க்குச் சரியாக இருக்கிற மாதிரி, பாகைக் கூட்டி, மேல் இலையைக் குறைத்து, புது மூலம் ஒன்று போட்டார். அதன்படி கலக்கச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலவைக் கூடத்து வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. அப்படியே கொடுத்தால் சரக்கு சப்பென்று போகும். ஒரு மாதத்தில் கடைகளிலிருந்து திரும்பி வரும். முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். அப்புறம் வாசலில் ஸ்டூல். நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பழைய கணக்கில் கலக்கச் சொன்னேன். அதோடு, “பாய் பாக்கறதுக்கு ஒரு தட்டுல மட்டும் தனியா இந்த மாதிரி பிசைஞ்சு வைங்க” என்று சீட்டில் இருந்ததைச் சொன்னேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். பாய் வாய் வைத்துப் பார்க்க அவர் சொன்ன கலவையில் ஒரு தட்டு. கடைக்குப் போனது என் பாட்டிலோடு ஒத்துப் பார்த்த பழைய கலவை. கூடத்தில் இருந்தவர்களுக்கு இது ஏதோ பெரியவர்கள் விவகாரம், அவர்கள் கேட்கவில்லை. ஒரு கடையிலிருந்தும் புகார் வரவில்லை. முதலாளி பாயைப் பார்த்து, “வருஷா வருஷம் ஒங்க கைப்பக்குவம் கூடிக்கிட்டே போவுது பாய்” என்றார். பாய் சிரித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மரியாதைக்காகச் செய்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவரிடம் போய் உங்கள் வாய் கெட்டுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. கம்பெனியின் சரக்கு இப்போது என் நாக்கில் நிற்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

மாதா மாதம் அவருக்கென்று பிசைந்த தட்டு மாறிக்கொண்டே போனது. “இன்னும் காரமா இருக்கு, பாகு கூட்டு” என்பார். கூட்டுவேன். அடுத்த வாரம், “இந்த எலையில ஏதோ கோளாறு, இன்னும் குறை” என்பார். குறைப்பேன். பொங்கல் தாண்டுவதற்குள் அந்தத் தட்டில் மேல் இலையே இல்லை. அதை நான் வாயில் போட்டுப் பார்த்தேன். பாகில் பிசைந்த சருகு, அவ்வளவுதான். கைக்குழந்தைக்குக் கொடுத்தால்கூடச் சப்புக்கொட்டும். அதற்கும் பாய் ஐந்து எண்ணுவதற்குள் மேசையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

வேறு அடையாளங்களும் இருந்தன. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வருகிற பிரியாணியை என் பக்கம் தள்ளிவிடுவார். “நீ சாப்பிடுப்பா, எனக்கு வேணாம்.” தான் ஒரு பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிடுவார். நான் அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டேன், அது ருசியாகவும் இருந்தது. வெற்றிலையை இரண்டாக மடிக்கிறவர் நாலாக மடிக்க ஆரம்பித்தார், வாய் அவ்வளவுதான் திறந்தது. துப்பும்போது ரத்தம் வந்திருக்க வேண்டும். வெற்றிலைச் சாற்றோடு சேர்ந்தால் அது யாருக்குத் தெரியும்? எங்கள் தொழிலில் எல்லோருடைய எச்சிலும் சிவப்புதான்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். “பாய், எரிச்சலா இருந்தா ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமே.”

“சரக்கு கெட்டுக் கெடக்கு, நான் டாக்டர்கிட்ட போவணுமா?” என்று சிரித்தார். முழுசாகச் சிரிக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘சரக்கு கெடலை பாய்’ என்று மூன்று சொல். சொல்லியிருந்தால் அந்தத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அடுத்த நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் வாய் வைத்துக்கொண்டிருந்தவர் படிக்கத்தை இழுத்துத் துப்பினார். பித்தளையில் டங் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். கடைவாய்ப்பல், வேரோடு. பாய் அதைப் பார்த்துவிட்டு, “ஆடிக்கிட்டே இருந்துச்சு” என்றார். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு அரிசியை எடுக்கக் கையை நீட்டினார். நான் அரிசித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

மயிலாடுதுறையில் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கே தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார். நானும் பாயும் அவருடைய சம்சாரமும் ரயிலில் போனோம். அந்த அம்மாவைப் பாயம்மா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். வழி நெடுக அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்துக் கிடந்தது. பாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரலை நுழைத்துப் பார்த்தார். ஒன்றுதான் போனது. கழுத்தைத் தடவினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“எரிச்சல் எப்பலேருந்து இருக்கு பெரியவரே?”

“எரிச்சல்னு ஒண்ணும் இல்லம்மா. பல்லு ஆட ஆரம்பிச்சதுலேருந்துதான். ரெண்டு மாசம் இருக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை எரிந்தது சரக்கு. டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க கூட வேல பாக்கறவரா? நீங்க எதையாவது கவனிச்சீங்களா? எனக்குச் சரியான நாள் தெரியணும்.”

அந்த அறையில், அந்த ஊரில், உலகத்திலேயே அந்த நாள் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

“போன பெருநாளுக்கு மறுநாள்லேருந்துங்க” என்றேன். “ஒரு வருஷம் ஆவப்போவுது.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். பாயம்மா மணி உருட்டுவதை நிறுத்தினார். பாய் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஜாடி கெடலை பாய். பழைய மூலம் எங்கிட்ட இருக்கு. எனக்கு இன்னிக்கும் நாப்பதுதான் வருது.”

அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷத்தில் எழுதிக் கொடுத்த அத்தனை சீட்டும் அவர் கண்ணில் ஓடுவதை நான் பார்த்தேன். டாக்டர் ஆபரேஷன் என்றார், தாடை எலும்பு என்றார், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். பாய் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்த பிறகு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப நான் போட்ட கலவ ஒண்ணுகூட கடைக்குப் போவலியா?”

“போவலை பாய்.”

தலையை ஆட்டிக்கொண்டார். பாயம்மாதான் கேட்டார். “தம்பி, தெரிஞ்சும் ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவர்ட்ட சொல்ல வேணாம், எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இழுத்துட்டு வந்திருப்பேனே.” அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. எத்தனையோ தடவை தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறேன். பாயம்மாவிடம் சொல்லலாம் என்பது எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஸ்டூலை நினைத்தேன், கம்பெனியை நினைத்தேன், அவருடைய மரியாதையை நினைத்தேன். அவருக்கு ஒரு வீடும், அதில் அவர் உயிரோடு வேண்டும் என்று ஒருத்தரும் இருந்ததை நினைக்கவில்லை.

இடது பக்கத் தாடையை எடுத்தார்கள். நெஞ்சுச் சதையை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். நான் ரத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்தவன் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. முதலாளி என்னை அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். காலையில் ஒன்பது மணிக்குக் கஞ்சி, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, இடது கன்னம். எதிரே நேரம் பார்க்க வேறு ஒருவரைப் போட்டார்கள். நானும் தட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயம்மா ஆள் விட்டு அனுப்பினார். ‘அவர் ஒங்களப் பாக்கணும்கிறாரு.’ கூறைநாட்டில் அவர்கள் வீட்டு முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் கஞ்சி. பேச்சு இல்லை. மறுபடியும் கழுத்தில் கட்டி வந்துவிட்டது, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று பாயம்மா வாசலிலேயே சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் கிழித்த காலண்டர் தாள்களைத் தைத்து, பின்பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு பென்சிலோடு வைத்திருந்தார்கள்.

என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். “பாய்” என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தார். என் தாடையைப் பிடித்து, வாயைத் திற என்று சைகை செய்தார்.

திறந்தேன். முதலில் வலது கன்னம். விரலால் உதட்டை இழுத்து மெதுவாகப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். அந்தப் பெண் டாக்டர் அவருக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படியே பார்த்தார். அப்புறம் இடது கன்னத்துக்கு வந்தார். வெளிச்சம் அங்கேயே நின்றது.

காலண்டர் தாளில் எழுதினார்: ‘இடது. உள்ளே வெள்ளை. நாளைக்கே போ.’ அதற்குக் கீழே, கோடு போட்டு, ‘யாரிடமும் கேட்காதே. போ.’

மறுநாளே தஞ்சாவூருக்குப் போனேன். அதே டாக்டர்தான். நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அதுவரை எனக்கு எரிச்சலோ வலியோ ஒன்றும் இருந்ததில்லை. வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கெட்டுப்போக ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இறங்கவில்லை என்றார். “இனிமே வாயில எதையும் வைக்காதீங்க. சரியான நேரத்துல வந்துட்டீங்க, யாரு பாத்து அனுப்புனது?” என்று கேட்டார். சொன்னேன்.

ஊருக்குத் திரும்பி, முதலாளியிடம் இனி வாய் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெறுகிறவரை கொல்லை கொல்லையாகப் போய் இலை வாங்கிப் போடுகிற வேலையைப் பார்த்தேன். அதுவும் புண்ணியமான வேலை இல்லை, தெரியும். பாய் அந்த மாதமே போய்விட்டார். ஜனாஸா தூக்கும்போது நானும் தோள் கொடுத்தேன். பாயம்மா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

நித்யா கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டை ஒப்பிடுகிற முறையை மேலே எழுதியிருக்கிறேன், அதில் பிழை ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்து நேரம் பார்க்கிறவர் பார்த்ததை அப்போதே சொல்கிறவராக இருக்க வேண்டும், அதை மட்டும் சேர்த்துக்கொள்ளம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போதும் தினம் நினைக்கிறேன். என் கன்னத்தில் அதைப் பார்த்த பிறகு பாய் டார்ச்சைக்கூட அணைக்கவில்லை. அது மடியில் கிடந்து எரிந்துகொண்டிருக்கும்போதே பென்சிலைத் தேடி எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் வாயில் இருந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.